பையன் கேமிலேயே கிடக்கிறான், தமிழ் டைப்பிங் ஆப் செய்து கொடுத்தால் திரும்புவானா?

ஐந்தாம் வகுப்புப் பையன் எந்நேரமும் போனில் துப்பாக்கிச் சண்டையிலேயே இருக்கிறான், நானே ஒரு தட்டச்சுப் பயிற்சிச் செயலி எழுதிக் கொடுத்தால் அந்தப் பக்கம் வருவானா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்குக் கொஞ்சம் கோடிங் தெரியும், பையனை அடிக்க மனசு வரவில்லை, வீட்டில் ஒரு பழைய லேப்டாப் சும்மா கிடக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன். நான் ஆரம்பித்தது அப்படித்தான்.

கோவில்பட்டியில் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுப்பது என் தொழில். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் அம்மாவின் கணக்கில் 1,850 ரூபாய் குறைந்திருந்தது. ஐம்பது, நூறு என்று பிய்த்துப் பிய்த்துப் போயிருந்தது. அம்மாவின் போனில் பின் நம்பர் போட்டுக் கொடுத்ததே என் பையன்தான். கேட்டால், "டைமண்ட் வாங்குனேன்" என்றான். அம்மா பதறிப்போய், "வைரமா? யாருக்குலே வாங்குன?" என்றாள். விளையாட்டுக்குள் செலவழிக்கிற காசுக்குத்தான் அந்தப் பெயர்.

விளையாட்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பெயரில் ஒன்றும் இல்லை. 2020 செப்டம்பரில் பப்ஜி தடை, 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடை. இரண்டுமே பிள்ளைகளுக்காக வந்த தடை அல்ல, சீனத் தொடர்பு, தகவல் பாதுகாப்பு என்றுதான் காரணம் சொன்னார்கள். எங்கள் தெருப் பையன்கள் ஒரு வாரத்தில் அடுத்ததற்கு மாறிவிட்டார்கள்.

"போனைப் பிடுங்கி பீரோவில் வைக்க வேண்டியதுதானே" என்று சொல்ல வருகிறவர்களுக்கு: வைத்தேன். வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வருகிறது என்று மூன்றாம் நாளே பள்ளிக்கூடத்தில் இருந்து என்னைக் கேட்டார்கள். பீரோவைத் திறந்தாயிற்று.

ஆக, செயலி. அவன் விளையாடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாரம் பார்த்தேன். தினமும் திறந்தால் பரிசு, ஒரு நாள் விட்டால் பழைய கணக்கு போச்சு. பெட்டியைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாது. நாலு பேர் சேர்ந்து ஆடும்போது ஒருத்தன் சாப்பிட எழுந்தால் மற்ற மூன்று பேரும் ஏசுவார்கள். இதையெல்லாம் நாமும் வைத்தால் வந்துவிட மாட்டானா என்று நினைத்தேன். தமிழ்99 விசைப்பலகைக்கு ஒரு பயிற்சிப் பக்கம் எழுதி, நாணயம், பெட்டி, தொடர்நாள் கணக்கு எல்லாம் சேர்த்தேன். தமிழ்99-ஐ எடுத்ததற்குக் காரணம், 1999-லேயே அரசு ஏற்றுக்கொண்டது, இடது கையில் உயிர், வலது கையில் மெய் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க லேசானது. (ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் ஒலிபெயர்ப்பில் அடிப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். நானும் போனில் அப்படித்தான் அடிக்கிறேன்.)

வந்தான். 41 நாள் தொடர்ந்து வந்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை, சொந்தக்காரர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். 42-ஆம் நாள் காய்ச்சல், 102 டிகிரி. ராத்திரி பதினொரு மணிக்குப் போர்வையோடு எழுந்து வந்து, "கணக்கு போயிரும்ப்பா, பத்து வார்த்தை மட்டும்" என்று அழுதான். அவன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. அன்றைக்கு ராத்திரியே தொடர்நாள் கணக்கையும் பெட்டியையும் எடுத்துவிட்டேன். நாணயம் மட்டும் இருக்கட்டும் என்று விட்டேன். அதில்தான் வேடிக்கை.

சொந்தமாகச் சொல் பட்டியல் போட்டு அடிக்கும் வசதி ஒன்று வைத்திருந்தேன். ஒரு எழுத்துக்கு ஒரு நாணயம். கொஞ்ச நாளில் அவன் பட்டியலைப் பார்த்தால் அப்பத்தா, பக்கத்து, சுக்குக்காப்பி என்று விசித்திரமாக இருந்தது. பிறகுதான் விளங்கியது. 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து. இகரக் குறியையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணும். நானும் சோம்பேறித்தனத்தில் அந்த எண்ணிக்கையைத்தான் நாணயத்துக்கு எடுத்திருந்தேன். தமிழ்99-இல் ஒரே மெய்யை இரண்டு தரம் அடித்தால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழும். 'அப்பத்தா'வுக்கு ஆறு விசை, எட்டு நாணயம். 'சுக்குக்காப்பி'க்குப் பதினொரு விசை, பதினாலு நாணயம். அடிக்காத புள்ளிக்கெல்லாம் என்னிடம் கூலி வாங்கியிருக்கிறான்!

அதோடு நிற்கவில்லை. 'வாழைபழம்' சரியா 'வாழைப்பழம்' சரியா என்று என்னிடம் கேட்டான். தமிழ்ப் பாடத்தில் வல்லினம் மிகும் இடம் சொல்லிக் கொடுத்தால் கொட்டாவி விடுகிறவன், ஒரு ஒற்று மிகுந்தால் ஒரு நாணயம் மிச்சம் என்றதும் என் அம்மாவிடம்கூடப் போய் இலக்கணம் விசாரித்தான். இதை நான் திட்டமிட்டுச் செய்தேன் என்று சொல்ல ஆசைதான். இல்லை, அது என் பிழை.

நாணயத்தை விசைக்கணக்குக்கு மாற்றினேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவனே வந்து, "கோழினு சரியாத்தான் அடிக்கேன், தப்புங்குது" என்றான். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. உள்ளே போய்ப் பார்த்தால், செயலிக்குள் நான் வைத்திருந்த சொல் பட்டியலின் 'கோ'வில் இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடு. அவன் அடித்ததில் இரண்டும் சேர்ந்து ஒரே குறியீடு. இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் கட்டளை, எல்லா மொழி எழுத்துக்கும் பொதுக் குறியீடு தரும் யூனிகோடு நெறியிலேயே உண்டு, ஒரு வரிதான். போட்டதும் கோழி கூவியது.

இந்தப் பட்டியல் எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை ஆற்றாமையில் சொல்லிவிடுகிறேன். ஒரு அலுவலகத்தில் அழகான கலைச்சொல் பட்டியல் வைத்திருந்தார்கள், கேட்டதும் கொடுத்தார்கள். திறந்தால் பாமினி எழுத்துரு, யூனிகோடு இல்லாத பழைய வகை. அதில் 'தமிழ்' என்று தெரிவது, வேறு இடத்தில் ஒட்டினால் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கிலக் குப்பையாக விழும். யூனிகோடைத் தமிழ்நாட்டில் அரசுத் தரமாக அறிவித்தது 2010-இல். இத்தனை வருஷம் கழித்தும் "எங்க சிஸ்டத்துல நல்லாத்தானே சார் தெரியுது" என்கிறார்கள். மாற்றி எடுக்க எனக்கு நாலு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அந்தக் கொம்பும் காலும் பிரிந்தது அந்த மாற்றத்தில்தான். சரி, விடுங்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். திரும்புவானா? என் பையன் முழுசாகத் திரும்பவில்லை. இன்னும் விளையாடுகிறான். முன்னால் மூன்று நாலு மணி நேரம், இப்போது முக்கால் மணி, ஞாயிறு என்றால் கூட. அதற்கும் செயலி காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன், பள்ளிக்கூட வாலிபால் டீமில் சேர்ந்ததும் அதே சமயம்தான். நான் பார்த்தவரை அவனை இழுத்தது நாணயம் இல்லை. அப்பன் எழுதியதில் ஓட்டை கண்டுபிடித்து, அப்பனையே கூப்பிட்டுக் காட்டுவதில் ஒரு ருசி. அந்த விளையாட்டைச் செய்த கம்பெனிக்காரனை அவன் கூப்பிட முடியாதே. செய்து கொடுங்கள், ஆனால் பக்கத்திலேயே உட்காருங்கள். தொடர்நாள் கணக்கு மட்டும் வைக்காதீர்கள்.

இன்னொன்று. நான் டாக்டர் இல்லை. உலக சுகாதார நிறுவனம் விளையாட்டு நோய் என்று ஒன்றைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது, 2022 ஜனவரியிலிருந்து நடைமுறை. கட்டுப்பாடே இல்லாமல், படிப்பும் பழக்கவழக்கமும் கெட்டு, பொதுவாக ஒரு வருஷம் நீடித்தால்தான் அந்தப் பெயர். உங்கள் பையன் அந்த நிலை என்றால் செயலி எழுதிக்கொண்டிருக்காமல் மனநல மருத்துவரிடம் போங்கள். என் பையனுக்கு அது வரவில்லை, அதனால்தான் நான் இப்படிக் கதையளக்க முடிகிறது.

போன வாரம் அடுத்த ஓட்டை. பட்டியலில் 'ஒளவையார்' என்று ஒகரமும் ளகரமும் தனித்தனியாகக் கிடக்கிறது, இவன் ஔகாரத்தை ஒரே விசையில் அடிக்கிறான், தப்பு என்கிறது. கோழிக்குப் போட்ட வரி இதற்குப் பலிக்கவில்லை. எந்தெந்தச் சொல்லில் இப்படி இருக்கிறது என்று முழுப் பட்டியலையும் தேடித் தர 20 நாணயம் கேட்கிறான். நான் 10 என்றேன். பேரம் 12-இல் நிற்கிறது.