பம்ப் முனகுகிறது, வண்டி கிளம்பவில்லை: டர்ட் பைக் கேள்வி பதில்

கேள்வி: நெகமம் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பும் மஞ்சி (தேங்காய் நார்) மில்லும் இருக்கின்றன. தோப்புக்குள் ஓட்டுவதற்காகச் சென்ற ஆண்டு ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் உள்ள 250 சிசி டர்ட் பைக் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். இரண்டு மாதமாகக் காலையில் செல்ஃப் போட்டால் கிளம்புவதில்லை. சாவியைத் திருப்பினால் பம்ப் சத்தம் கேட்கிறது. இறக்கத்தில் இரண்டாவது கியரில் தள்ளிவிட்டால் உடனே பிடித்துக்கொள்கிறது. ஓடிச் சூடான பிறகு செல்ஃபிலேயே கிளம்பிவிடுகிறது. பிளக், பேட்டரி இரண்டும் மாற்றியாயிற்று. பட்டறையில் இசியு (பெட்ரோலையும் பொறியையும் நடத்தும் மின்னணுப் பெட்டி) போய்விட்டது, புதிதாகப் போட வேண்டும் என்கிறார்கள். போடலாமா? (வாசகர், நெகமம்)

பதில்: வேண்டாம், பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள். இசியு இல்லை என்பதற்கான சாட்சியம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. தள்ளிவிட்டால் உடனே பிடிக்கும் வண்டியில் பம்ப் பெட்ரோலைத் தருகிறது, இன்ஜெக்டர் தெளிக்கிறது, இக்னிஷன் காயில் பிளக்குக்குப் பொறி தருகிறது, இவை மூன்றையும் இசியு நேரம் தவறாமல் நடத்துகிறது என்றுதான் பொருள். செத்துப்போன இசியு தள்ளினாலும் கிளப்பாது. இன்ஜெக்‌ஷன் வண்டியில் என்ன கோளாறு வந்தாலும் முதலில் அந்தப் பெட்டியின் மீது பழி போடுவது நம் பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது. என் அனுபவத்தில் அது கடைசியாகச் சந்தேகிக்க வேண்டிய பொருள்.

அப்படியானால் செல்ஃபில் சுற்றுவதற்கும் தள்ளிச் சுற்றுவதற்கும் என்ன வேறுபாடு என்று யோசியுங்கள். இரண்டுதான். செல்ஃப் மோட்டார் பேட்டரியிலிருந்து பெரும் மின்னோட்டத்தை இழுப்பதால் அந்த நேரத்தில் மின்னழுத்தம் இறங்குகிறது. தள்ளும்போது அந்த இறக்கம் இல்லை. அடுத்தது, தள்ளும்போது என்ஜின் இன்னும் வேகமாகச் சுற்றுகிறது.

முதலாவதைச் சோதிக்கச் சாதாரண மல்டிமீட்டர் போதும். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். மீட்டரை பேட்டரி முனைகளில் வைத்தபடி செல்ஃப் போடச் சொல்லுங்கள். முள்ளோ எண்ணோ 10 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் என்ஜின் சுற்றும், ஆனால் பம்பும் காயிலும் அரைகுறையாகத்தான் வேலை செய்யும். பேட்டரி புதிது என்பதால் இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள். என்ஜின் உடம்பில் முடுக்கியிருக்கும் எர்த் ஒயரின் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். சேறும் தண்ணீரும் பட்டு அதன் அடியில் பச்சை பூத்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்து முடுக்கிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். பம்ப் சத்தத்தைப் பற்றியும் ஒரு சொல்: சாவி போட்டதும் இரண்டு மூன்று விநாடி கேட்கும் அந்த முனகல், பம்புக்கு மின்சாரம் போகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. பல வண்டிகளில் தேவைப்படும் ஏறத்தாழ 3 பார் அழுத்தம் குழாயில் இருக்கிறதா என்பதை கேஜ் வைத்துத்தான் அறிய முடியும்.

மின்னழுத்தம் சரியாக இருந்தால் மிச்சம் இருப்பது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் அழுந்தி இறுகுவது. என் சந்தேகம் முழுவதும் இங்கேதான், அதற்குக் காரணம் உங்கள் மஞ்சி மில். மில்லில் பறக்கும் மஞ்சித் தூள் நைசானது. எண்ணெய் போடாத ஸ்பாஞ்ச் ஃபில்டரையும், விளிம்பில் சரியாக உட்காராத ஃபில்டரையும் அது தாண்டிவிடும். ஃபில்டரைக் கழற்றி, அதற்கு உட்புறம் உள்ள ரப்பர் குழாயை வெள்ளைத் துணியால் ஒரு முறை துடைத்துப் பாருங்கள். துணியில் பழுப்பு நிறம் ஏறினால் தூளும் மண்ணும் என்ஜினுக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. அவை இன்டேக் வால்வும் அதன் இருக்கையும் சேரும் இடத்தை அரைக்கின்றன. வால்வு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுகிறது. டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் பாகத்துக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி) குறைந்துகொண்டே வந்து ஒரு நாள் இல்லாமலே போய்விடுகிறது. அதன் பிறகு வால்வு முழுவதும் மூடாது. செல்ஃபின் மெதுவான சுற்றில் காற்று கசிந்து கம்ப்ரஷன் சேராது. தள்ளும்போது கசிவதற்கு நேரம் இல்லாததால் பிடித்துக்கொள்கிறது. சூடானதும் அலுமினிய ஹெட் விரிந்து இடைவெளி சற்றுக் கூடுவதால் செல்ஃபிலேயே கிளம்புகிறது. டேப்பெட் லூஸானால் டக்டக் என்று ஊருக்கே கேட்கும். டைட்டானால் வண்டி முன்பைவிட அமைதியாகவே ஓடும். அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை.

ஆகவே என்ஜின் இரவு முழுவதும் ஆறிய பிறகு, காலையில், ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து டேப்பெட் இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். அளவு வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருப்பதே சரி. இன்டேக்கில் அது பெரும்பாலும் 0.1 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். இடைவெளி குறைந்திருந்தால் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் சிறு வட்டத் தகடு) மாற்றினால் சரியாகிவிடும். மாற்றிய சில மாதங்களிலேயே மறுபடி டைட்டானால் வால்வும் இருக்கையும் தேய்ந்துவிட்டன என்று கொள்ளுங்கள். அதுவரை என்ஜின் வெப்பச் சென்சாரைத் தொட வேண்டாம். அது பொய் சொன்னாலும் காலையில் கிளம்பாது, ஆனால் தள்ளினாலும் இவ்வளவு எளிதாகப் பிடிக்காது. சென்சார் கோளாறுகளை மீட்டரில் எரியும் எச்சரிக்கை விளக்கே பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். எடுத்துக்காட்டாக, ஹோண்டாவின் பல வண்டிகளில் விளக்கு 7 முறை மினுக்கினால் வெப்பச் சென்சார், 12 முறை என்றால் இன்ஜெக்டர்.

கேள்வி: என் நண்பரிடம் உள்ள மோட்டோகிராஸ் வண்டியில் பேட்டரியே இல்லை, கிக்கர் மட்டும்தான். இருபது உதை உதைத்தாலும் எனக்குக் கிளம்புவதில்லை, அவருக்கு இரண்டாவது உதையில் கிளம்புகிறது. இது என்ன கணக்கு? (வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: உங்கள் கால்தான் அந்த வண்டியின் பேட்டரி. 2008 மாடல் சுசூகி ஆர்எம்-இசட்450 இந்த ஏற்பாட்டோடு வந்தது. பிறகு மற்ற நிறுவனங்களின் மோட்டோகிராஸ் வண்டிகளும் இதைப் பின்பற்றின. நீங்கள் உதைக்கும்போது சுற்றும் மேக்னெட் தரும் மின்சாரம் முதலில் இசியுவை விழிக்கச் செய்து, பம்பை ஓட்டி, இன்ஜெக்டரைத் திறந்து, அதற்கும் பிறகே பிளக்கில் பொறி தர வேண்டும். பழைய கார்புரேட்டர் வண்டிக்குக் கொடுப்பதுபோல அவசரமாகக் கொடுக்கும் அரை உதைகள் இருபது சேர்ந்தாலும் ஒரு முழு உதைக்கு ஈடாகாது. கிக்கரை மெதுவாக அழுத்தி, கம்ப்ரஷன் இறுகும் இடத்தைக் காலால் உணர்ந்து, சற்றே தாண்டவிட்டு, கிக்கர் மேலே திரும்பியதும் அடிவரை ஒரே மூச்சில் உதையுங்கள். ஆக்ஸிலேட்டரைத் தொடவே கூடாது. எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு காற்று என்பதை வண்டியே பார்த்துக்கொள்ளும். நீங்கள் முறுக்கினால் அதன் கணக்குத்தான் கெடும்.

கேள்வி: பள்ளத்தில் விழுந்து எழுந்த பிறகு செல்ஃப் சுற்றுகிறது, கிளம்பவில்லை. (வாசகர், சத்தியமங்கலம்)

பதில்: சாவியை முழுவதும் அணைத்து, பத்து விநாடி பொறுத்து, மறுபடி போடுங்கள். வண்டி சாய்ந்தால் பம்பையும் பொறியையும் நிறுத்தும் சென்சார் பல வண்டிகளில் உண்டு; சாவியை அணைத்துப் போட்டால்தான் அது பிடியை விடும். அதற்கும் மசியாவிட்டால் சைடு ஸ்டாண்ட் சுவிட்சில் சேறு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: தோட்டத்துச் சாளையில் மூன்று மாதம் நிறுத்தியிருந்த வண்டி கிளம்பவில்லை. பெட்டிக்கடையில் பாட்டில் பெட்ரோல் வாங்கி ஊற்றியும் பயனில்லை. (வாசகர், காங்கேயம்)

பதில்: அந்த பாட்டில் பெட்ரோல்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூடி சரியில்லாத பாட்டிலில் நாள்கணக்கில் வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். டேங்க்கில் இருப்பதைக் கொஞ்சம் கண்ணாடி டம்ளரில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனியாக ஒரு படலம் தெரிந்தால் முழுவதையும் வடித்துவிட்டு பங்க்கில் புதிதாகப் போடுங்கள், பம்பின் ஃபில்டரையும் பாருங்கள். பேட்டரியைக் கழற்றி, அதற்கேற்ற சார்ஜரில் ஏற்றுங்கள்.

பிறகு சீட்டைக் கழற்றி ஒயர்களை விளக்கடித்துப் பார்ப்பது நல்லது. நிலக்கடலை மூட்டை அடுக்கிய சாளையில் நின்ற வண்டி ஒன்று சென்ற தை மாதம் எங்கள் பட்டறைக்கு வந்தது. பம்ப் சத்தமே இல்லை. பம்புக்குப் போகும் ஒயரை எலி கடித்திருந்தது. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஒரு கைப்பிடி கடலைத் தொலியும் இருந்தது.