மேல்மாடிக்குச் சைக்கிள், கீழ்மாடிக்கு இல்லையா?

கேள்வி: மேற்கு லண்டன் பார்க் ரோயலில் உள்ள உணவுப் பொதியிடும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். வீடு அல்பேர்ட்டனில். காலை ஐந்து மணி ஷிஃப்டுக்கு பஸ்ஸை நம்பிப் போக முடியாது. கனால் கரையால் சைக்கிளில் போனால் கெதியில் போய்விடலாம். மேல்மாடி ஒஃபிசில் உள்ளவர்களுக்கு ‘சைக்கிள் டு வேர்க்’ திட்டம், அதாவது வேலைக்குப் போய்வர முதலாளி மூலம் வரிச் சலுகையோடு சைக்கிள் எடுக்கும் திட்டம், இருக்கிறது. நாங்கள் கேட்டால், “தொழிற்சாலை ஆட்களுக்குத் தர முடியாது, மினிமம் வேஜ் பிரச்சினை” என்கிறார்கள் எச்.ஆர். எனும் ஆளணிப் பிரிவில். எனக்கு மணிக்கு 13.40 பவுண், கிழமைக்கு 40 மணித்தியாலம். 900 பவுண் சைக்கிள் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். சட்டப்படி அவர்களைத் தர வைக்க முடியுமா? 12.80 பவுண் வாங்கும் என் நண்பருக்கும் வழி இருக்கிறதா?

பதில்: தர வைக்க முடியாது. இந்தத் திட்டத்தை நடத்தும்படி எந்த முதலாளியையும் பிரித்தானியச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. 1999ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தோடு வந்தது வெறும் வரிச் சலுகைதான். இன்று அது 2003ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 244ஆம் பிரிவில் இருக்கிறது. முதலாளி சைக்கிளை இரவலாகத் தந்தால் அதற்கு வரி இல்லை என்பதே அதன் சாரம். தராவிட்டால் வழக்குப் போட அதில் இடமில்லை.

ஆனால் உங்கள் கொம்பனி “தரமாட்டோம்” என்று நிற்கவில்லை. மேலே உள்ளவர்களுக்குத் தந்துவிட்டு உங்களுக்கு இல்லை என்கிறது. அங்கேதான் உங்கள் பிடி இருக்கிறது. 244ஆம் பிரிவு வரிவிலக்குக்கு மூன்று நிபந்தனை வைக்கிறது. இரவல் காலத்தில் சைக்கிளின் உரிமை ஊழியருக்கு மாறக்கூடாது. சைக்கிள் முக்கியமாக வேலைக்குப் போய்வரப் பயன்பட வேண்டும். மூன்றாவது, அந்த முதலாளியின் ஊழியர்களுக்கு அந்த வாய்ப்பு பொதுவாகத் திறந்திருக்க வேண்டும். மேல்மாடிக்கு மட்டும் என்று கதவைச் சாத்தினால், மேல்மாடிக்காரர் அனுபவிக்கும் வரிவிலக்கே ஆட்டம் காணும் என்பது என் கருத்து. இதை எச்.ஆர். பிரிவு யோசித்திருக்காது. கொம்பனியின் கணக்காளருக்கு ஒரு வரி எழுதிப் போட்டால் அவர் யோசிப்பார்.

அதற்கு முன் உங்கள் பே ஸ்லிப்பை எடுத்து மேலே அச்சிட்டிருக்கும் கொம்பனிப் பெயரைப் பாருங்கள். ஒஃபிஸ் ஆட்களின் ஸ்லிப்பிலும் அதே பெயர்தானா? பல குழுமங்களில் ஒரே கட்டடத்துக்குள் இரண்டு லிமிட்டெட் கொம்பனிகள் இருக்கும். அப்படியானால் முதலாளியே வேறு. மேலே சொன்ன வாதம் அங்கே நிற்காது. ஏஜென்சி மூலம் வேலை செய்பவர்களுக்கும் இதே கதைதான். அவர்கள் திட்டத்தைத் தங்களுக்குச் சம்பளம் தரும் இடத்தில் கேட்க வேண்டும்.

இனி மினிமம் வேஜ். இந்தச் சாட்டை நான் அடிக்கடி கேட்கிறேன். பாதி உண்மை, பாதி சோம்பல். திட்டம் பெரும்பாலும் ‘சலரி சாக்ரிஃபைஸ்’ முறையில் நடக்கும். அதாவது, மாதச் சம்பளத்தில் ஒரு தொகையை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்திடுவீர்கள், அதற்குப் பதில் சைக்கிள் வரும். சட்டத்தின் கண்ணில் உங்கள் சம்பளமே குறைகிறது. குறைந்த பிறகு வரும் தொகை தேசிய குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. இறங்கினால் பழி முழுக்க முதலாளிக்கு. நீங்கள் விரும்பிக் கையெழுத்திட்டீர்கள் என்று சொல்லி அவர் தப்ப முடியாது. பாக்கியையும் கட்டி, அதன் மேல் 200 சதவீதம் வரை, ஓர் ஆளுக்கு 20,000 பவுண் என்ற உச்சவரம்போடு அபராதமும் கட்ட வேண்டும். அரசு பெயரையும் வெளியிடலாம். இதற்குப் பயப்படும் முதலாளியை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2026 ஏப்ரலிலிருந்து 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மணிக்கு 12.71 பவுண். கிழமைக்கு 40 மணித்தியாலம் என்றால் மாதத்துக்குச் சராசரி 173.33. உங்கள் மாதச் சம்பளம் ஏறக்குறைய 2,322 பவுண். சட்டம் கேட்பது 2,203. இடையில் சுமார் 119 பவுண் இடம் இருக்கிறது. 900 பவுண் சைக்கிளை 12 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 75. தாராளமாக அடங்கும். “தொழிற்சாலை ஆட்கள்” என்று மொத்தமாகத் தள்ளிவிடுவதில் நியாயமில்லை. ஆளாளுக்குக் கணக்குப் பார்க்க வேண்டும்.

எச்.ஆர். வாய்விட்டுச் சொல்லாத பயம் இரண்டு இருக்கும். ஒன்று, அடுத்த ஏப்ரல். 75 பவுண் போனபின் உங்களுக்கு மிஞ்சும் இடைவெளி மணிக்கு 26 பென்ஸ் மட்டுமே. 2025 ஏப்ரலில் குறைந்தபட்ச ஊதியம் 77 பென்ஸ் ஏறியது, 2026இல் 50 பென்ஸ். உங்கள் சம்பளம் ஏறாமல் அது மட்டும் ஏறினால், அந்த மாதமே சட்டமீறல். எனவே கழிப்பு முழுவதும் மார்ச்சுக்குள் முடியும்படி கேளுங்கள். ஜூனில் தொடங்கினால் 10 மாதம், மாதம் 90 பவுண். அதுவும் 119க்குள் நிற்கும். 12 மாதம்தான் என்று 244ஆம் பிரிவு சொல்லவில்லை, திட்டத்தை நடத்தும் நிறுவனம் சம்மதித்தால் போதும்.

மற்றது இன்னும் சங்கடமானது. உணவுத் தொழிற்சாலைகளில் சப்பாத்துக்கும் கோட்டுக்கும் சம்பளத்தில் வெட்டுவார்கள். அந்த வெட்டும் குறைந்தபட்ச ஊதியக் கணக்கைக் குறைக்கும். ஷிஃப்ட் தொடங்கும் முன் வலைத்தொப்பி போட்டு, கை கழுவி, வரிசையில் நிற்கும் பத்து நிமிடத்துக்குச் சம்பளம் தராவிட்டால், அந்த நேரமும் பெரும்பாலும் வேலை நேரமாகவே எண்ணப்படும். கொம்பனி இந்தக் கணக்கைத் திறக்க விரும்பாமலும் இருக்கலாம். உங்கள் ஸ்லிப்பில் அப்படி வெட்டு இருந்தால் 119 பவுண் என்ற என் கணக்கும் சுருங்கும். பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றச் சாட்டுகளுக்கு நீண்ட பதில் தேவையில்லை. “காசு முன்கூட்டியே போட வேண்டுமே” என்றால், முன்பணத்துக்கு ஏற்பாடு செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன. “1,000 பவுணுக்கு மேல் கடன் அனுமதி வேண்டும்” என்றால், அனுமதி பெற்ற நிறுவனம் மூலம் அதற்கு மேலும் தரலாம் என்று அரசின் வழிகாட்டி 2019இலேயே தெளிவாக்கிவிட்டது. உங்கள் சைக்கிள் 900தானே. “இடையில் வேலையை விட்டால்?” மிச்சத் தொகையைக் கடைசிச் சம்பளத்தில் கழிக்கலாம், ஆனால் அதற்கு முன்கூட்டியே எழுத்தில் உங்கள் சம்மதம் இருக்க வேண்டும். “கடைக்குப் போக ஓட்டினால்?” பாதிக்குப் பாதி வேலைப் பயணமாக இருந்தால் போதும், மைல் கணக்கு எழுதத் தேவையில்லை.

கொம்பனிக்கு இதில் இலாபமும் உண்டு. நீங்கள் விட்டுக்கொடுக்கும் 900க்கு அவர்கள் கட்ட வேண்டிய 15 சதவீத நஷனல் இன்சூரன்ஸ் (சமூகக் காப்புறுதிப் பங்களிப்பு) மிச்சம், 135 பவுண். உங்களுக்கு 20 சதவீத வரியும் 8 சதவீத நஷனல் இன்சூரன்ஸும் சேர்ந்து 252 பவுண் மிச்சம்.

ஆனால் விளம்பரத்தில் பெரிதாகப் போடாத ஒன்று: இரவல் முடியும்போது சைக்கிள் இன்னும் உங்களுடையது அல்ல. ஒரு வருட முடிவில் சொந்தமாக்கினால், 500 பவுணும் அதற்கு மேலும் விலையுள்ள சைக்கிளுக்கு எச்.எம்.ஆர்.சி. எனும் வரித் திணைக்களத்தின் அட்டவணை போடும் மதிப்பு 25 சதவீதம், அதாவது 225 பவுண். நீங்கள் மிச்சம்பிடித்தது கிட்டத்தட்ட முழுவதும் அதில் போய்விடும். நான்காம் வருட முடிவில் அந்த மதிப்பு 7 சதவீதம், 63 பவுண்தான். அதனால் இரவல் காலத்தை மேலதிகக் கட்டணமின்றி நீட்டிக்கும் ஏற்பாடு உண்டா என்று கையெழுத்திட முன்பே கேளுங்கள். இல்லை என்றால் இவ்வளவு பாடுபடுவதில் அர்த்தமில்லை.

பிள்ளை எதிர்பார்த்திருக்கும் பெண்கள் கொஞ்சம் பொறுப்பது நல்லது. சம்பளம் குறைந்தால் அதை வைத்துக் கணக்கிடும் மகப்பேற்றுக் கொடுப்பனவும் குறையலாம். வேலை விசாவில் உள்ளவர்கள் சம்பள ஒப்பந்தத்தில் எதை மாற்றும் முன்பும் குடிவரவுச் சட்டத்தரணியிடம் கேட்டுவிடுங்கள்.

கொம்பனிக்குச் சண்டைக் கடிதம் வேண்டாம். பாகுபாடு என்று இப்போதே எழுதவும் வேண்டாம். கீழ்மாடி முழுக்க எங்கள் ஆட்களும் மேல்மாடி முழுக்க வேறு ஆட்களுமாக இருந்தால் 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டத்தில் மறைமுகப் பாகுபாடு என்று வாதிட இடமுண்டுதான். ஆனால் குறைந்தபட்ச ஊதியத்தைக் காரணம் காட்டி அவர்கள் அதை நியாயப்படுத்தப் பார்ப்பார்கள். கடைசியில் அந்த வழிக்குத்தான் போவதென்றால் காலக்கெடு குறுகியது. முதலில், வேலைத்தலப் பிணக்குகளில் சமரசம் செய்யும் ஏகாஸ் அமைப்புக்கு அறிவிக்க வேண்டும். இப்போதைக்கு இப்படி எழுதுங்கள்: “சைக்கிள் டு வேர்க் திட்டத்தில் சேர விரும்புகிறேன். கழிப்புக்குப் பிறகும் என் சம்பளம் குறைந்தபட்ச ஊதியத்துக்கு மேலே இருப்பதைக் காட்டும் கணக்கை இணைத்துள்ளேன். திட்டம் ஊழியர்களுக்குப் பொதுவாகத் திறந்திருக்க வேண்டும் என்ற 244ஆம் பிரிவின் நிபந்தனையை உங்கள் கணக்காளரிடம் காட்டி, எழுத்தில் பதில் தரவும்.”

உங்கள் நண்பர் விடயம் வேறு. 12.80இல் மாதத்துக்கு 15 பவுண் சொச்சம்தான் இடம். சலரி சாக்ரிஃபைஸ் அவருக்குச் சரிவராது, அதில் கொம்பனி சொல்வது சரி. ஆனால் வட்டியில்லாக் கடன் தரலாமே. முதலாளி தந்த மொத்தக் கடன் பாக்கி வரி வருடத்தில் எந்த நேரத்திலும் 10,000 பவுணைத் தாண்டாவிட்டால் அந்த வட்டிச் சலுகைக்கு வரி இல்லை. கடனைத் திருப்பிக் கட்டச் சம்பளத்தில் கழிப்பதை, குறைந்தபட்ச ஊதிய விதிகள் ஊதியக் குறைப்பாக எண்ணுவதில்லை. வரி மிச்சம் கிடைக்காது, ஆனால் சைக்கிள் முதல் நாளிலிருந்தே அவருடைய சொந்தம். கடன் தொகை, மாதக் கழிப்பு, வேலையை விட்டால் என்ன என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி, காசு வாங்கும் முன் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.