‘செர்னோபில் டைரீஸ்’ ஏன் ஏமாற்றியது? கேள்வி பதில்

திகில் படங்கள் பற்றிக் கேள்வி அனுப்பச் சொன்னதில், பலரும் ஒரே படத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்: 2012இல் வந்த ‘செர்னோபில் டைரீஸ்’. அதனால் இந்தமுறை அது மட்டும். முடிவையும் சொல்லியிருக்கிறேன், பார்க்காதவர்கள் கவனம்.

அண்ணே, படம் இன்னும் பார்க்கல. கதை என்ன, பார்க்கலாமா?

ஐரோப்பா சுற்ற வந்த மூன்று அமெரிக்க இளசுகள், உக்ரைன் தலைநகர் கீவில் இருக்கும் ஒருவனுடைய அண்ணனைப் பார்க்க வருகிறார்கள். அடுத்து மாஸ்கோ போவதாகத் திட்டம். அண்ணன்காரன் பேச்சைக் கேட்டு, யூரி என்ற வழிகாட்டியின் வேனில், செர்னோபில் அணு உலை விபத்தால் காலியான பிரிப்யாட் நகரத்தைப் பார்க்கக் கிளம்புகிறார்கள். இன்னொரு ஜோடியும் சேர்ந்துகொள்கிறது. செக்போஸ்ட்டில் ராணுவம் திருப்பி அனுப்ப, யூரி வேறு வழியாக உள்ளே கூட்டிப்போகிறார். ஊரைச் சுற்றிவிட்டு வந்தால் வேனின் ஒயர்கள் நாசமாகிக் கிடக்கின்றன, பொழுதும் சாய்ந்துவிடுகிறது. அதுவரை தாராளமாகப் பாருங்கள். அதற்குப் பிறகு ஓட்டமும் அலறலும்தான்.

பட்ஜெட் கம்மி என்பதால்தான் சொதப்பிவிட்டதா?

இல்லவே இல்லை. செலவு சுமார் 10 லட்சம் டாலர், உலக வசூல் 3.7 கோடி டாலருக்கு மேல். பணம் போட்டவர்களுக்கு லாபம்தான். தயாரிப்பாளர் ஓரன் பெலி இதற்கு முன் ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’யைத் தன் சொந்த வீட்டிலேயே சுமார் 15,000 டாலரில் எடுத்தவர். அதில் படுக்கையறை மூலையில் கேமரா அசையாமல் நிற்கும், கதவு கொஞ்சமாக ஆடும். நம் கண் தானாகவே அந்தச் சட்டகம் முழுக்கத் துழாவ ஆரம்பிக்கும். பயம் அந்தத் தேடலில் இருந்தது.

இந்தப் படத்தை இயக்கிய பிராட்லி பார்க்கர் விஷுவல் எஃபெக்ட்ஸ் துறையிலிருந்து வந்தவர், இதுதான் முதல் படம். கேமராவைத் தோளுக்குப் பின்னாலேயே ஆட்டிக்கொண்டு ஓடவிடுகிறார். கதையில் யாரும் அந்தக் கேமராவைப் பிடித்திருக்கவில்லை, அப்படியானால் அந்த ஆட்டம் எதற்கு? டார்ச் வெளிச்சம் சுவரில் அலைகிறது. கதவு எந்தப் பக்கம், கூட வந்தவள் எங்கே நிற்கிறாள், ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று எதுவும் பிடிபடுவதில்லை. இடம் புரிந்தால்தானே ‘அந்தப் பக்கம் போகாதே’ என்று மனசு பதறும்?

நிஜமாகவே பிரிப்யாட்டில் எடுத்தார்களா?

இல்லை, ஹங்கேரியிலும் செர்பியாவிலும். ஆனால் கலை இயக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். துருப்பிடித்த ராட்டினத்தைப் பார்த்ததும் எனக்கு நிஜ ஊர்தான் ஞாபகம் வந்தது. அந்த ராட்டினம் 1986 மே 1 விழாவுக்குத் திறக்க வேண்டியது. ஏப்ரல் 26 அதிகாலை நாலாவது அணு உலை வெடித்தது. மறுநாள் மதியத்துக்கு மேல் பஸ்களைக் கொண்டுவந்து, சுமார் 49,000 பேரை வெளியேற்றினார்கள். மூன்று நாளில் திரும்பலாம் என்று நினைத்துக் கதவைப் பூட்டிவிட்டுப் போனவர்கள் அவர்கள்.

அந்தக் கரடி சீன் மட்டும் செம, இல்லையா?

படத்திலேயே அதுதான் நல்ல காட்சி. பாழடைந்த அடுக்குமாடிக் குடியிருப்பு, தாழ்வாரத்துக்கு அந்தக் கோடியில் ஏதோ சத்தம். எல்லோரும் மூச்சை அடக்கி நிற்க, ஒரு கரடி பாய்ந்து ஓடிக் கடந்துபோகிறது. பகல் வெளிச்சம், தெளிவான இடம், நம்பத்தக்க மிருகம். இந்த மூன்றும் இருந்ததால்தான் வேலை செய்தது. அப்புறம் 2014இல் செர்னோபில் பகுதியில் ஆய்வாளர்கள் வைத்த தானியங்கி கேமராவில் நிஜமாகவே பழுப்புக் கரடி பதிவானது! மனிதர்கள் போனபிறகு ஓநாய், மான் எல்லாம் அங்கே பெருகியிருக்கின்றன.

கதிர்வீச்சு மனுஷங்களைப் படத்தில் வருகிற மாதிரி வேட்டையாடும் ஜந்துவாக மாற்றுமா சார்?

மாற்றாது. இந்தப் படத்தின் மேல் எனக்கு உண்மையான கோபமே இதில்தான்.

அளவுக்கு மீறிய கதிர்வீச்சு மனிதனைக் கொல்லும். அன்று உலையிலும் தீயணைப்பிலும் இருந்தவர்களில் 134 பேருக்குக் கடுமையான கதிர்வீச்சு நோய் உறுதியானது, 28 பேர் சில மாதங்களுக்குள் இறந்தார்கள். கதிரியக்க அயோடின் கலந்த பாலைக் குடித்த குழந்தைகள் பலருக்குப் பின்னாளில் தைராய்டு புற்றுநோய் வந்தது. யாரும் இருட்டில் பதுங்கி மனிதரை வேட்டையாடும் ஜந்துவாக மாறவில்லை. வெளியேறியவர்கள் கீவிலும், புதிதாகக் கட்டிய ஸ்லாவுடிச் நகரத்திலும் குடியேறினார்கள். வயதான பெண்கள் சிலர் தடையை மீறித் தங்கள் கிராமத்துக்கே திரும்பி வந்து உருளைக்கிழங்கு பயிரிட்டு வாழ்ந்தார்கள். மிச்சமிருந்த உலைகளில் கடைசியாக ஓடியது 2000 டிசம்பரில்தான் நின்றது, அதுவரை தினமும் ஆட்கள் வேலைக்கு வந்துபோனார்கள்.

இத்தனை உயிரோட்டமான மனிதர்கள் இருக்க, பாதிக்கப்பட்டவர்களையே பூதமாகக் காட்டியது அநியாயம். அவர்களுக்கு உதவும் தொண்டு அமைப்பினர் படத்தை எதிர்த்ததில் முழு நியாயம் இருக்கிறது.

கிளைமாக்ஸ் புரியவில்லை.

கடைசியாக மிஞ்சும் இரண்டு பேர் உலைக்குப் பக்கத்தில் போய்ச் சேர, ராணுவம் ஒருவனைச் சுட்டுவிடுகிறது. மற்றவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். துரத்தியவர்கள் அங்கிருந்து தப்பிய நோயாளிகள் என்று தெரியவருகிறது, அவளையும் அவர்களிடமே தள்ளிவிடுகிறார்கள். அவ்வளவுதான், ஆழமாக வேறொன்றுமில்லை.

வெளிநாட்டு டூரிஸ்ட் செத்தாலே ஏன் எப்பவும் கிழக்கு ஐரோப்பா?

முதல் காரணம் செலவு. ஹங்கேரி 2004 முதலே படப்பிடிப்புச் செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறது. இரண்டாவது, அந்த நாடுகளைப் பற்றி அமெரிக்க ரசிகர்களுக்கு அதிகம் தெரியாது என்ற தைரியம். 2005இல் வந்த ‘ஹாஸ்டல்’ ஸ்லோவாக்கியாவைக் கொலைக்களமாகக் காட்டியது, எடுத்தது செக் நாட்டில். ஸ்லோவாக்கியர்கள் கொதித்துப்போனார்கள்.

அப்போ எப்படி எடுத்திருக்கலாம்?

யூரியின் கையில் கதிர்வீச்சு அளக்கும் கருவி இருக்கிறதே, அதை வைத்தே முழுப் படத்தையும் ஓட்டியிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத, வாசனையில்லாத ஆபத்து. எந்தப் புல்தரையில் உட்காரலாம், எந்தத் தண்ணீரைத் தொடலாம் என்று அந்தக் கருவியின் டிக் டிக் சத்தம்தான் சொல்லும். இருட்டியபிறகு அதன் பேட்டரி தீர்ந்தால் என்ன ஆகும்? இதற்குக் கிராபிக்ஸும் வேண்டாம், முகமூடி போட்ட ஆட்களும் வேண்டாம். யூரியாக நடித்த டிமிட்ரி டியாசென்கோ (2020இல் காலமானார்) அந்தப் பாரத்தைத் தனியாகவே தாங்கியிருப்பார். சீக்கிரமே அவரைக் காணாமல் போகவைத்தது திரைக்கதையின் பெரிய தப்பு.

இப்போது அங்கே டூர் போக முடியுமா?

2011இல் உக்ரைன் அரசு அதிகாரபூர்வமாகவே பயணிகளை அனுமதித்தது. 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை அந்த வழியாகத்தான் உள்ளே நுழைந்தது, சுற்றுலாவும் அத்தோடு நின்றது.