உளுந்து கருகிய மூன்று வாரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மானூர்ப் பக்கம் மானாவாரியில் உளுந்து போடுகிறவன் நான். புரட்டாசி முதல் மழைக்கு விதைத்தேன், நன்றாக முளைத்தது. பிறகு மூன்று வாரம் மழையின்றிக் கடும் வெயில் அடித்ததில் பூக்கும் முன்பே பயிர் கருகிவிட்டது. ஐப்பசியில் மழை கொட்டியதால் பருவத்தின் மொத்த மழை இயல்பளவு என்று பதிவாகி, வறட்சியே இல்லை என்கிறார்கள். வெயில் வறட்சியைக் கொண்டுவந்ததா, வறட்சி வெயிலைக் கூட்டியதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும் நடந்திருக்கும். மழை பொய்த்த ஆண்டின் வறட்சி மாதக்கணக்கில் ஊர்ந்து வருவது. உங்கள் வயலில் வந்ததோ வேர்மட்டத்து ஈரத்தை இரண்டு மூன்று வாரங்களில் தீர்த்துவிடும் திடீர் வறட்சி. வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடும்போது காற்று கொள்ளக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடுகிறது. ஆகவே காற்றின் ஈரம் கூடாமல் வெயில் மட்டும் ஏறினால், அந்தக் குறையை மண்ணிலிருந்தும் இலைகளிலிருந்தும் காற்று இழுத்துக்கொள்கிறது. நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானாலே ஏக்கருக்குச் சுமார் 20,000 லிட்டர் தண்ணீர் போய்விடும். மேகமற்ற வானத்தோடு மேற்குக் காற்றும் விடாமல் வீசினால் இழப்பு இன்னும் மிகும்.

ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். மண்ணில் ஈரம் இருக்கும்வரை வெயிலின் பெரும்பங்கு இந்த வேலைக்கே செலவாவதால் தரையை ஒட்டிய காற்று அளவோடுதான் சுடுகிறது. ஈரம் தீர்ந்ததும் அதே வெயில் நிலத்தையும் காற்றையும் காய்ச்சுகிறது. காய்ந்த காற்று மிச்சமிருக்கும் ஈரத்தையும் விரைந்து இழுக்கிறது. 2012 கோடையில் அமெரிக்காவின் நடுச் சமவெளியில் மக்காச்சோளம் இப்படித்தான் சில வாரங்களில் காய்ந்தது. எல்லாத் திடீர் வறட்சிக்கும் வெப்ப அலைதான் தொடக்கம் என்று சொல்ல முடியாது. மழை நின்றதில் தொடங்கி, பின்னர் வெப்பத்தைக் கூட்டுபவையும் உண்டு. இந்தியாவில் பருவமழை இடையில் நின்றுபோகும் நாட்களில் இவை மிகுதியாக வருகின்றன.

புரட்டாசி பொன்னுருகக் காய்ந்து மண்ணுருகப் பெய்யும் என்று நம் பெரியவர்கள் அறிந்தே சொன்னார்கள். மொத்த மழைக் கணக்கிலோ பெய்தது மட்டும் நிற்கிறது, காய்ந்தது மறைந்துவிடுகிறது. பாபநாசம் அணையின் நீர்மட்டத்தை நாள்தோறும் செய்தித்தாளில் பார்க்கிறோம். மானாவாரி நிலத்தின் ஈரம் அப்படி நம் கண்ணுக்கு வருவதே இல்லை. ஆற்றுப் பாசனம் எட்டாத உங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய அநீதி என்றே நினைக்கிறேன்.

அடுத்த பட்டத்தில் களையை முன்னதாகவே எடுத்து, பயிர் வரிசைகளுக்கு இடையே சருகோ வைக்கோலோ மூடாக்காகப் பரப்புங்கள். நிலத்தின் தாழ்ந்த மூலையில் பண்ணைக்குட்டை வெட்ட முடிந்தால், பூக்கும் சமயத்தில் ஒரே ஒரு தண்ணீர் விடுவதுகூடப் பயிரைக் காப்பாற்றும். இழப்பீட்டுக்கு இப்போது மனு எழுதுவதானால், பருவத்தின் மொத்த மழையோடு நிறுத்தாமல், விதைத்த நாள் முதல் பயிர் கருகிய நாள் வரையிலான நாள்வாரி மழையளவையும் வெப்பநிலையையும் கேட்டுப் பெற்று அதனுடன் இணைத்துக் கொடுங்கள்.