ஒரு கூடை முட்டை

அன்புள்ள ஐயா,

நீங்கள் அடிக்கடி சொல்கிறீர்களே என்று ஹாங்காங் இயக்குநர் வோங் கார் வாயின் ‘ஆஷஸ் ஆஃப் டைம்’ படத்தைப் பார்த்தேன். வாள்சண்டை, பழிவாங்கல் என்று நம்பி உட்கார்ந்தால், ஆளாளுக்கு மணலைப் பார்த்துக்கொண்டு புலம்புகிறார்கள். தயாரிப்பாளர் காசில் பாலைவனத்தில் காலத்தைக் கடத்தியதை எதற்குக் கொண்டாட வேண்டும்? 1994 பிரதி, 2008 பிரதி, இரண்டில் எது சரி?

ம., திருத்துறைப்பூண்டி

அன்புள்ள ம.,

2008 பிரதி கிடைத்தால் அதைப் பாருங்கள். நெகட்டிவ் கெட்டுப்போய், ஊர் ஊராகப் பிரதி தேடிச் சேர்த்துப் புதுப்பித்தது அது.

காசு விஷயம். சீனாவின் யூலின் பாலைவனத்தில் படப்பிடிப்பு இழுத்துக்கொண்டே போனது உண்மை. செலவை ஈடுகட்ட, அதே நடிகர்களை வைத்து இன்னொரு இயக்குநர் ஜெஃப் லாவ் 1993இல் அவசரமாக ஒரு நகைச்சுவைப் படம் எடுத்தார். எடிட்டிங்கில் சிக்கிக் களைத்துப்போன வோங் கார் வாய், நடுவில் கிடைத்த இடைவெளியில் ‘சுங்கிங் எக்ஸ்பிரஸ்’ எடுத்தார். அந்த இழுபறி இல்லையென்றால் அந்தப் படமும் இல்லை. மற்றபடி வரவு செலவு பார்ப்பது உங்கள் வேலை இல்லை. கண்ணைத் திறந்து பார்ப்பதுதான் உங்கள் வேலை, அதை நீங்கள் செய்யவில்லை.

ஒரு பெண் கழுதையோடும் ஒரு கூடை முட்டையோடும் வாசலிலேயே நிற்கிறாளே, அவளைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. தம்பியைக் கொன்றவர்களைப் பழிவாங்க ஆள் கேட்டு வந்தவள். ஓயாங் ஃபெங் கொலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் தரகன். முட்டைக்கு யார் வாள் எடுப்பார்கள் என்று தட்டிக் கழிக்கிறான். அவள் போகவில்லை, நிற்கிறாள். கடைசியில் ஹோங் சீ என்ற வாள்வீரன் ஒரே ஒரு முட்டைக்காகப் போய்ச் சண்டை போடுகிறான். ஒரு விரல் போய்விடுகிறது. பழிவாங்கல் இல்லை என்கிறீர்களே, இது என்ன?

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். அறுப்பு முடிந்த வயல்களில் வாத்து மேய்க்க வெளியூர்க்காரர்கள் வந்து தங்குவார்கள். அப்பா மனு எழுதிக் கொடுப்பவர். ஒரு மாசி மாதம், வாத்துக்காரப் பெண் ஒருத்தி எங்கள் திண்ணையோரம் வந்து நின்றாள். அறுக்காத வயலில் வாத்து இறங்கிவிட்டது என்று அவள் அண்ணன் கையை முறித்திருந்தார்கள். பனையோலைக் கூடை நிறைய வாத்து முட்டை. சேறு காய்ந்து, ஒன்றிரண்டில் இறகு ஒட்டியிருந்தது. “காசு கொண்டா, எழுதித் தர்றேன்” என்றார் அப்பா. காசு ஒரு சாக்கு. அடித்தவர் வீட்டிலிருந்துதான் எங்களுக்கு வருஷா வருஷம் நெல் வரும்.

நான்கு நாள் வந்தாள். மூன்றாம் நாள் அம்மா வெளியே வந்து, “நாலு வரி எழுதினா கை தேஞ்சா போயிடும்?” என்று கேட்டாள். அப்பா தலை நிமிரவில்லை. ஐந்தாம் நாள் வாத்தும் இல்லை, அவளும் இல்லை.

அந்தப் படத்தை மறுபடி பாருங்கள். அவள் நிற்கிற காட்சிகளில் போனைக் கையில் எடுக்காதீர்கள். எனக்கு அவள் முகத்தை நேராகப் பார்க்க இன்றும் முடிவதில்லை. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று, மனுக்களைப் படியெடுக்க அப்பா என்னிடம்தான் கொடுப்பார்.