ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் கிறிஸ்தவ நன்னெறிகளைச் செயல்பாடுகள் வழியாக எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

திருநெல்வேலிப் பக்கம் அரசு உதவிபெறும் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் பதினான்கு வருஷமாக நன்னெறி வகுப்பு எடுக்கிறேன். வாரத்துக்கு ஒரு பீரியட், நாற்பது நிமிஷம். போர்ஷன் முடியவில்லை என்று கணக்கு சார் கடன் கேட்டு வந்தால் அதுவும் போச்சு.

கதையை முதலில் சொல்லாதீர்கள். ஞாயிறு பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு இயேசு சொன்ன உவமைக் கதைகளெல்லாம் தலைகீழ்ப் பாடம். "இதிலிருந்து என்ன தெரியுது?" என்றால் "பிறருக்கு உதவணும் மிஸ்" என்று கோரஸாக வரும். அது "உள்ளேன் மிஸ்" சொல்வது மாதிரிதான்.

எனக்கு நன்றாக அமைந்தது திராட்சத்தோட்டத்து வேலையாட்கள் (மத்தேயு 20). விடியற்காலையில் வந்தவனுக்கும் பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுக்கிற எஜமானின் கதை. ஏழாம் வகுப்பை நான்கு குழுவாகப் பிரித்து, மைதானத்தில் காகிதம் பொறுக்க விட்டேன். முதல் குழு பீரியட் தொடங்கியதுமே இறங்கியது. கடைசிக் குழுவை அனுப்பும்போது ஐந்து நிமிஷ வேலைதான் மிச்சம். பிறகு ஆளுக்கு ஒரு கடலை மிட்டாய், கடைசியாக வந்தவர்களுக்கு முதலில். இந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள். முந்தி வந்தவர்கள் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், கதையிலும் அப்படித்தான். தங்களுக்கு இரண்டு மூன்று கிடைக்கும் என்று நின்ற பிள்ளைகளுக்கும் ஒன்றுதான். "அநியாயம் மிஸ், நாங்க வெயில்ல நின்னோம்!" என்று ஒரே கூச்சல். அப்போதுதான் வேதாகமத்தைத் திறந்தேன். வெயிலில் உழைத்த கூலியாட்கள் முறுமுறுக்கிற இடம் வந்ததும் சிரிப்பு. அவர்கள் சொன்னது அப்படியே அங்கே இருக்கிறதே.

ஒரு பையன் எழுந்தான். "கடைசியா வந்தவன் சும்மா இருந்தவன் இல்ல மிஸ், யாரும் கூப்பிடல. எங்க அப்பாவும் சில நாள் முக்குல நின்னுட்டு பத்து மணிக்குத் திரும்பி வந்துருவாங்க." நான் விளக்க நினைத்ததைவிட அது நன்றாக இருந்தது. ஆனாலும் ஒரு பெண் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. "அப்படின்னா நாளைக்கு எல்லாருமே சாயங்காலம்தான் வருவாங்க" என்றாள். என்னிடம் பதில் இல்லை. விட்டுவிட்டேன்.

சொதப்பலும் உண்டு. மன்னிப்புப் பாடத்துக்காக, செய்த தப்பைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடச் சொல்லி, பெயர் இல்லை என்ற தைரியத்தில் சிலவற்றைச் சத்தமாக வாசித்தேன். கையெழுத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஜாமெட்ரி பாக்ஸ் திருடியதாக எழுதிய பையனுக்கு வருஷம் முழுக்கப் பட்டப்பெயர். தப்பு என்னுடையதுதான். இப்போது சகேயு கதையை எடுக்கிறேன் (லூக்கா 19). ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குத் தருகிறேன், அநியாயமாக வாங்கியிருந்தால் நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்கிறார் அந்த வரிவசூல்காரர். வாயால் மன்னிப்புக் கேட்பதோடு நிற்கவில்லை. அதனால் வகுப்பின் மூலையில் ஒரு பிஸ்கட் டப்பா. எடுத்ததை யாரும் பார்க்காதபோது அதில் போட்டுவிடலாம், விசாரணை கிடையாது. பேனா, ரப்பர், ஒருமுறை டிபன் பாக்ஸ் மூடி. இன்னொன்று, கதையில் சகேயு குள்ளர் என்பதற்காக வகுப்பிலேயே குள்ளமான பையனைச் சகேயுவாக நடிக்க வைக்காதீர்கள். எல்லா டீச்சரும் அதைத்தான் செய்கிறோம்.

என் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் கிறிஸ்தவப் பிள்ளைகள் இல்லை. அரசியலமைப்பின் 28(3) பிரிவுப்படி, உதவிபெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் மத போதனையில் உட்கார வைக்க முடியாது. ஆகவே ஜெபமும் மனப்பாட வசனமும் ஞாயிறு பள்ளியோடு. இங்கே கதையும் வாக்குவாதமும் மட்டும்.

நல்ல சமாரியனை (லூக்கா 10) எட்டாம் வகுப்புக்கு வைத்திருக்கிறேன். கள்ளர்கள் அடித்துப் போட்டவனை, மற்றவர்கள் விலகிப் போக, ஒரு சமாரியன் காப்பாற்றுகிற கதை. நாடகம் போட்டால் எல்லாருக்கும் கள்ளன் வேஷம்தான் வேண்டும், கம்பு சுழற்றலாமே! அதனால் நாடகத்தை விட்டுவிட்டு எழுத வைக்கிறேன். யூதர்கள் சமாரியரோடு புழங்க மாட்டார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுவேன். எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கையில் எந்தச் சாதியின் கலர் கயிறு என்று பார்த்தே பழகுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். 2024-இல் நீதிபதி சந்துரு குழு அந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொல்லி அறிக்கை கொடுத்ததும் இதற்காகத்தான். பிறகு கேள்வி: அடிபட்டவன் குணமாகி வீட்டுக்குப் போய் அம்மாவிடம் என்ன சொல்லியிருப்பான்? ஆளுக்கு அரைப் பக்கம்.

போன வருஷம் ஒரு பெண் எழுதியது: "யாரோ ஒரு புண்ணியவான் காப்பாற்றினார் என்று சொல்லியிருப்பான். சமாரியன் என்று சொல்லியிருக்க மாட்டான். சொன்னால் அம்மா அவனைக் குளித்துவிட்டு வரச் சொல்வாள்."

அதற்கு மதிப்பெண் போடாமல், அவளிடமே கேட்டுவிட்டு, பெயர் சொல்லாமல் அடுத்த வகுப்பில் வாசித்தேன். அன்றைக்குக் கணக்கு சாருக்குப் பீரியட் கடன் கொடுக்கவில்லை.