ஜீப்பை எகிற விட முன்பக்க ஆக்ஸிலுக்கு ஸ்லீவ் அடித்தால் போதுமா?

கேட்டவரிடம் இருப்பது ஜீப் ரேங்ளர் ஜேகே. மணல்மேட்டில் எகிறிக் குதிக்க ஆசை, முன்பக்க ஆக்ஸில் குழாய்க்குள் ஸ்லீவ், அதாவது உள்ளே இறுக்கமாக இறங்கும் இன்னொரு குழாய், அடித்துவிட்டால் தாங்குமா என்கிறார். தாங்காது. அடித்துப் பார்த்தவன் சொல்கிறேன்.

ஷார்ஜாவில் இருந்தபோது என்னிடமும் அதே ஜேகேதான், ரூபிகான் மாடல். வெள்ளிக்கிழமை விடிந்தால் மலீஹா பக்கம் மணலுக்குக் கிளம்பிவிடுவோம். நான் வேண்டுமென்று குதித்ததில்லை. ஒரு மேட்டின் முகடு கத்தி மாதிரி இருந்தது, அந்தப் பக்கம் சரிவு இருக்கும் என்று நம்பி ஆக்ஸிலரேட்டரை விடாமல் ஏறினேன், இருந்தது பள்ளம். முன்சக்கரம் இரண்டும் சேர்ந்து விழுந்தது, பல் கிட்டியது, அவ்வளவுதான். வண்டி ஓடியது, வீட்டுக்கு வந்தேன், மறந்தும் போனேன். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் முன்டயர் இரண்டும் உள்ஓரத்தில் மட்டும் மொட்டையாகியிருந்தன. அலைன்மெண்ட் கடைக்காரர் அளந்துவிட்டு, கேம்பர் (சக்கரம் நிமிர்ந்து நிற்கும் கோணம்) போய்விட்டது, இந்த ஆக்ஸிலில் அதைச் சரிசெய்யத் திருகு எதுவும் கிடையாது, குழாயே வளைந்திருக்கிறது என்றார்.

ஏன் வளைகிறது என்று புரிந்தால்தான் எங்கே இரும்பு வைப்பது என்பது தெரியும். விழும்போது தரை சக்கரத்தை மேலே தள்ளுகிறது, வண்டியின் எடை ஸ்பிரிங் வழியாகவும், ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்போது முட்டி நிறுத்தும் பம்ப் ஸ்டாப் வழியாகவும் கீழே அழுத்துகிறது. ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும் இடம் சக்கரத்திலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருக்கிறது. ஆக, காவடித் தண்டைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி இரண்டு முனையும் மேலே போய் நடு தாழ்கிறது, சக்கரங்களின் தலை உள்பக்கம் சாய்கிறது. சக்கரத்தை வெளியே தள்ளி வைக்கும் வீல் ஸ்பேசர் போட்டு அழகு பார்ப்பவர்கள் இந்த நெம்புகோலைத் தாங்களே நீளமாக்கிக்கொள்கிறார்கள், அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

இப்போது ஸ்லீவ் கணக்கு. குழாயின் வெளி விட்டம் இரண்டரை அங்குலம், சுவர் கால் அங்குலம். அதற்குள் இன்னொரு கால் அங்குலச் சுவர்க் குழாயை இறக்கினால் இரும்பு கிட்டத்தட்ட 78 சதவீதம் கூடுகிறது, வளைவைத் தாங்கும் வலு கூடுவதோ 47 சதவீதம்தான். அதே கால் அங்குலச் சுவரோடு 3 அங்குலக் குழாயாக இருந்தால் 22 சதவீத இரும்பே அதிகம், வலு 51 சதவீதம் கூடிவிடும். நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இரும்பு இருக்கிறதோ அவ்வளவு வேலை செய்யும், உள்ளே திணித்தது பாதிக்கூலிக்குத்தான் உழைக்கும். அதனால்தான் குழாயின் மேல் முதுகெலும்பு மாதிரி வெல்டு வைத்து நிற்கும் இரும்புச் சட்டம், டிரஸ், நல்லது. அப்புறம் குழாயின் முனையில், சக்கரம் திரும்ப உதவும் பால் ஜாயிண்டைப் பிடித்திருக்கும் 'சி' வடிவத் துண்டு. டிரஸ் மட்டும் போட்டுவிட்டு 'சி'-க்கு மேலும் கீழும் கஸ்ஸட் என்ற முட்டுத் தகடு வைக்காமல் விட்டால் அடுத்த தடவை அதுதான் விரியும். குழாயை வலுவாக்க வலுவாக்க அடி அங்கே போய் இறங்கும்.

வெல்டிங்கில்தான் நான் ஏமாந்தேன். இன்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு பட்டறையில், உஸ்தாத் (மேஸ்திரி) நல்ல மனிதர், கை சுத்தம், ஆனால் டிரஸை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஒரே மூச்சில் ஓட்டிவிட்டார். வெல்டு ஆறும்போது சுருங்கும். மேல்பக்கம் முழுக்கச் சுருங்கினால் முனைகள் மேலே இழுபடும், அதாவது குதிக்காமலே குதித்த வளைவு. வளைந்ததற்குப் பதிலாக வாங்கிய புது ஹவுசிங்கை (ஆக்ஸில் கூட்டை) நானே கோணலாக்கி வாங்கி வந்தேன். இடது பக்கம் இரண்டு அங்குலம், வலது பக்கம் இரண்டு அங்குலம், கை வைக்கிற சூட்டுக்கு ஆறிய பிறகு அடுத்தது என்று மாற்றி மாற்றி வைக்க வேண்டும். டிஃபரன்ஷியல் பேரிங் உட்காரும் இடத்தில் டம்மி வட்டு போட்டு நேரான கம்பியைக் குழாய் வழியே விட்டு வைத்தால் வளைவது உடனே தெரியும். பால் ஜாயிண்ட், ஷாஃப்ட், சீல் எல்லாம் முன்பே கழற்றிவிடுங்கள், சூட்டில் பிழைக்காது. டிஃபரன்ஷியல் இருக்கும் நடுக்கூடு வார்ப்பிரும்பு, அதைத் தொட்டு வெல்டு வைப்பதென்றால் முதலில் சூடேற்றி, நிக்கல் ராடு போட்டு, போர்வை சுற்றி மெதுவாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் வெல்டின் ஓரத்திலேயே விரிசல் விடும்.

சரி, இத்தனையும் செய்தாலும் பாதி வேலைதான். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் வண்டி மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். அதை 25 செ.மீ. தூரத்தில் நிறுத்தினால் சராசரியாக எடையைப் போல 5 மடங்கு விசை, 10 செ.மீ.-யில் நிறுத்தினால் 11 மடங்கு. கடைசியில் இரும்போடு இரும்பு மோதி நின்றால் அந்த நொடியில் அதைவிடப் பல மடங்கு. ஆகவே என் காசாக இருந்தால் முதலில் ஹைட்ராலிக் பம்ப் ஸ்டாப், அதற்கேற்ற நீளத்தில் நல்ல ஷாக் அப்ஸார்பர், அப்புறம்தான் வெல்டிங். லிஃப்ட் போட்டு வண்டியை உயர்த்தியவர்கள் ஷாக் முழுக்க மடங்குவதற்குள் பம்ப் ஸ்டாப் தொடுகிறதா என்று ஸ்பிரிங்கைக் கழற்றி ஜாக்கியில் ஏற்றிப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஷாக்கே பம்ப் ஸ்டாப் ஆகிவிடும், ஒரே குதியில் போய்விடும்.

டக்கார் ராலியில் பந்தயத்துக்கென்றே கட்டிய டி1 பிளஸ் வகை வண்டிகளுக்கு 350 மி.மீ. சஸ்பென்ஷன் அசைவு அனுமதி, அதுவும் நான்கு சக்கரமும் தனித்தனியாக அசையும் அமைப்பு. அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு, ஒரே கட்டையான ஆக்ஸில் இருக்கும் குடும்ப வண்டியை அதே மாதிரி விடுவது நியாயமில்லை. டிரஸ், கஸ்ஸட், பம்ப் ஸ்டாப் எல்லாம் இருந்தும் இப்போது நான் அரை மீட்டருக்கு மேல் தூக்குவதில்லை. அப்படியும் ஒவ்வொரு மணல் பயணத்துக்குப் பிறகும் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முன் ஆக்ஸிலின் இரண்டு முனையையும் ஒரே உயரத்தில் தாங்கி முன்சக்கரங்களைக் கழற்றி, பிரேக் டிஸ்க்கின் மேல் போனில் இருக்கும் மட்டம் பார்க்கும் செயலியை வைத்து எண்ணைக் குறித்து வைக்கிறேன். போன தடவை இருந்த எண் அரை டிகிரி மாறினால் டயர் தேயும்வரை காத்திருக்க மாட்டேன், அன்றைக்கே பட்டறை.